கொடுக்கும் கையும் வாக்களிக்கும் விரலும்

நீதித் தலைவர்கள் நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு தேர்தல் வரலாறு வருகிறது. கிதியோனின் மகன் அபிமெலக்கு அரசனாக ஆசைப்பட்டான். செக்கேம் நகரத்தார் அவனுக்கு எழுபது வெள்ளிக்காசுகள் கொடுத்தனர். அவை அவர்களுடைய சொந்தப் பணமல்ல. பாகால் பெரித்துக் கோவிலிலிருந்து எடுத்த பணம். அதைக்கொண்டு அவன் வீணரையும் முரடரையும் கூலிக்கு அமர்த்தினான், தன் சகோதரர் எழுபது பேரைக் கொன்றான், அரியணை ஏறினான். உயிர் தப்பிய இளையவன் யோத்தாம், கெரிசிம் மலையுச்சியில் நின்று, மரங்கள் தமக்கோர் அரசனைத் தேடிய உவமையை எடுத்துரைத்தான். ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சைக்கொடியும் தத்தம் வேலையைக் காரணங்காட்டி ஒதுங்கிக்கொண்டன, முட்செடி முன்வந்தது. மூன்றாண்டுகள் கழிந்தன. அதே அபிமெலக்கு மூட்டிய நெருப்பில் செக்கேம் மக்கள் தங்கள் கோவில் அரணுக்குள்ளேயே மடிந்தனர்.

இவ்வரலாறு தரும் பாடங்கள் இரண்டு. இறைப்பணிக்கென வைத்த பொருள் ஒரு வேட்பாளனின் கைக்குப் போகலாகாது என்பது ஒன்று. நல்லவர்கள் 'நமக்கேன் வம்பு' என்று ஒதுங்கினால் முட்செடிதான் ஆளும் என்பது மற்றொன்று. தேர்தல் காலத்தில் தொண்டு நிறுவனங்களும் பங்குச் சங்கங்களும் நடக்க வேண்டிய பாதை இவ்விரண்டுக்கும் இடையே செல்கிறது. அது குறுகிய பாதைதான். ஆயினும் தெளிவான பாதை.

தருபவரின் சொல்லுக்கு உள்ள எடை

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், ஆந்திர எல்லையை ஒட்டி, பள்ளிப்பட்டு வட்டத்தில் அமைந்துள்ளது பொதட்டூர்பேட்டை. தறியோசையே அவ்வூரின் மூச்சு. கூலிக்கு நெய்யும் குடும்பங்களின் வருவாய் நூல் விலையையும் மின்சாரத்தையும் சந்தையையும் பொறுத்தே அமைகிறது. பாவு கிடைத்தால் அடுப்பெரியும், கிடைக்காவிட்டால் கடன்.

இத்தகைய ஊரொன்றில் கைம்பெண் ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் ஒரு சங்கம் அவளுக்கு அரிசியும் மருந்தும் கொடுத்து வருகிறது. தேர்தலுக்குப் பத்து நாள் முன்பு அச்சங்கத்தின் அன்பர் ஒருவர் அரிசிப் பையை வைத்துவிட்டு, 'அம்மா, இந்த முறை இன்னாருக்குப் போட்டுவிடுங்கள்' என்று சிரித்துக்கொண்டே சொல்லிச் செல்கிறார். அவர் மிரட்டவில்லை. பணம் கொடுக்கவுமில்லை. ஆனால் அப்பெண்ணின் காதில் விழுவது வேறு. 'போடாவிட்டால் அடுத்த மாதம் அரிசி வருமோ, வராதோ' என்பதே அவளுக்குக் கேட்கும் சொல்.

கட்சிக்காரர் சொன்னால் அவள் தலையசைத்து அனுப்பிவிடுவாள். அவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருபவர். தொண்டு செய்பவரோ மாதந்தோறும் வருபவர், பசியறிந்தவர், பிள்ளைகளின் பெயர் தெரிந்தவர். அன்பால் பெற்ற அந்த நம்பிக்கையே அவருடைய சொல்லுக்கு எடையைத் தருகிறது. ஆதலின் பிறரைவிட அவரே தம் நாவைக் காக்கக் கடமைப்பட்டவர். ஏழைக்குக் கொடுத்த சோற்றுக்கு அவருடைய வாக்கை விலையாகப் பெறுவது தொண்டன்று, வாணிகம்.

அப்படியானால் சங்கத்தார் வாய்மூடி இருக்க வேண்டுமா? அதுவுமன்று. அதே கைம்பெண்ணின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லலாம். அவள் வாக்கு இரகசியமானது என்று உறுதி கூறலாம். போட்டியிடுவோர் யார் யார், அவர்கள் தம்மைப்பற்றி என்ன எழுதிக் கொடுத்திருக்கின்றனர் என்று எல்லாரைப் பற்றியும் ஒரே அளவாகப் படித்துக் காட்டலாம். கண்ணுக்கு விளக்குப் பிடிப்பது தொண்டு. விரலைப் பிடித்து அழுத்துவது அத்துமீறல்.

சட்டம் இட்ட வேலி

நாட்டின் சட்டமும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் வேலி இட்டிருக்கிறது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123ஆம் பிரிவில், முறைகேடான செயல்களை வரிசைப்படுத்துகிறது. கையூட்டு முதலிடம் பெறுகிறது. அடுத்து வருவது தகாத வலியுறுத்தல். வாக்காளர் தெய்வ கோபத்துக்கோ சமயத் தண்டனைக்கோ ஆளாவார் என்று நம்பச் செய்து வாக்கைத் திருப்புவதும் இதனுள் அடங்கும். 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 171ஆம் பிரிவும், யார் செய்தாலும் இது குற்றமே என்கிறது. சமய அடிப்படையில் வாக்குக் கேட்கலாகாது என்பதை, 2017 ஜனவரி 2ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, நால்வர் பெரும்பான்மையால் விரிவாகவே வலியுறுத்தியது. வேட்பாளரின் சமயம் மட்டுமன்றி, வாக்காளரின் சமயத்தைச் சுட்டிக் கேட்பதும் முறைகேடே என்பது அத்தீர்ப்பு.

வெளிநாட்டு உதவி பெறும் நிறுவனங்களுக்கு மேலும் ஒரு வேலி உண்டு. வெளிநாட்டு நன்கொடை முறைப்படுத்தும் சட்டம் முதலில் 1976இல் வந்தது. 2010இல் புதிதாக இயற்றப்பட்டது. வேட்பாளரும் கட்சியும் அத்தகைய பணத்தைத் தொடலாகாது. அரசியல் தன்மையுடைய அமைப்பென்று அறிவிக்கப்பட்ட நிறுவனமும் அதைப் பெற இயலாது. ஆனால் பொதுநலக் கோரிக்கைக்காகக் குரல் கொடுப்பதே அரசியலாகிவிடுமா? 2020 மார்ச் 6ஆம் நாள் உச்சநீதிமன்றம் இதற்கு விடை தந்தது. கட்சி அரசியலிலோ அதன் வெற்றியிலோ நோக்கம் இல்லாமல், முறையான வழிகளில் மக்களின் உரிமைக்காகப் பேசும் அமைப்பை அரசியல் அமைப்பென்று முத்திரையிட்டு உதவியை மறுக்கலாகாது என்றது. பேசலாம், பக்கம் சாயலாகாது.

திருச்சபையின் போதனையும் இவ்வாறே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, பொதுநலனுக்காக வாக்குரிமையைச் சுதந்திரமாகப் பயன்படுத்துவது குடிமக்களின் உரிமை மட்டுமன்று, கடமையும்கூட என்று நினைவூட்டுகிறது. திருச்சபை எந்த அரசியல் அமைப்போடும் பிணைக்கப்பட்டதன்று என்பதையும் உடன் கூறுகிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, குருக்கள் அரசு அதிகாரப் பதவி ஏற்பதை 285ஆம் விதியில் தடுக்கிறது. கட்சிகளில் முனைந்து பங்குபெறுவதை 287ஆம் விதியில், மிகச் சில சூழல்கள் நீங்கலாக, விலக்குகிறது. பொதுநிலையினருக்கு அத்தடை இல்லை. அவர்கள் கட்சியில் சேரலாம், போட்டியிடலாம். ஆனால் சங்கத்தின் பெயரையும் பங்கின் மேடையையும் உடன் கொண்டு செல்லலாகாது.

'சத்தியம் செய்துவிட்டேனே!'

தமிழ்நாட்டில் தேர்தலின் பெரும் நோய் பணம். 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தல் இதற்கோர் அடைமொழியாகவே மாறிப்போயிற்று. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தொகுதிகளிலும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகரிலும் பணப்பட்டுவாடா காரணமாகத் தேர்தல் நிறுத்தப்பட்டது. 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தலும் அவ்வாறே நின்று, ஆகஸ்டு 5ஆம் நாள் நடந்தது. பொதட்டூர்பேட்டை அடங்கிய அரக்கோணம் மக்களவைத் தொகுதிக்கு வேலூர் அண்டைத் தொகுதி. நோய் நம் வாசலருகே வந்து நின்றதை நாம் மறக்கலாகாது.

பணத்தோடு சத்தியமும் சேர்ந்து வருவதுதான் கொடுமை. குழந்தையின் தலைமேல், சாமிபடத்தின் மேல், சிலவேளை திருவிவிலியத்தின் மேலும் கைவைக்கச் சொல்லி, 'எங்களுக்கே போடுவேன்' என்று வாக்குறுதி வாங்குகின்றனர். பணத்தை மறந்துவிடும் எளிய தாயும் சத்தியத்தை மறப்பதில்லை. மாற்றிப் போட்டால் பிள்ளைக்கு ஏதேனும் நேருமோ என்ற அச்சம் வாக்குச்சாவடி வரைக்கும் அவளோடு நடந்து வருகிறது.

இவ்விடத்தில் ஒரு தொண்டர் சொல்லக்கூடிய நல்ல சொல் ஒன்று உண்டு. பிறருக்கோ பொதுநலனுக்கோ தீங்கு விளைவிக்கும் செயலுக்குச் சத்தியம் எந்த வலிமையையும் சேர்ப்பதில்லை என்று திருச்சபைச் சட்டத்தின் 1201ஆம் விதி கூறுகிறது. வாக்கை விற்பதற்குச் செய்த சத்தியம் அத்தகையதே. அதை நிறைவேற்றாததால் இறைவன் குழந்தையைத் தண்டிக்கிறார் என்று எண்ணுவது அவரைக் கையூட்டுக்காரரின் காவலாளாகக் கருதுவதாகும். வாங்காமலிருப்பதே நேரிய வழி. வாங்கியவருக்கும் மனச்சான்றின் படி வாக்களிக்கும் உரிமை போய்விடுவதில்லை. சட்டத்தின் பார்வையில் கொடுப்பவர் மட்டுமன்றி வாங்குபவரும் குற்றவாளியே. ஓராண்டுவரை சிறைத்தண்டனை உண்டு.

'யாருக்குப் போட்டேன் என்று கண்டுபிடித்துவிடுவார்களாமே' என்ற அச்சமும் பரப்பப்படுகிறது. வாக்குப்பதிவு இயந்திரத்தை அடுத்துள்ள பெட்டியின் கண்ணாடிச் சாளரத்தில், நாம் தேர்ந்த சின்னம் அச்சான சீட்டு ஏழு விநாடி தெரியும். பின்பு முத்திரையிட்ட பெட்டிக்குள் விழுந்துவிடும். அதில் நம் பெயர் இல்லை. யாருக்கு வாக்களித்தீர் என்று நீதிமன்றமும்கூட ஒருவரைக் கேட்டு வற்புறுத்த இயலாது. இவ்வளவையும் அச்சமுற்ற ஒரு தாய்க்குப் பொறுமையாக விளக்கிச் சொல்வதில் எந்தக் கட்சியின் நிறமும் இல்லை.

வாக்காளருக்குக் கண் கொடுத்தவர்கள்

பக்கம் சாராத சிலர் ஒன்றுகூடினால் எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் பேராசிரியர் சிலர் 1999இல் 'ஜனநாயகச் சீர்திருத்தத்துக்கான சங்கம்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். அவர்கள் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவில்லை, எதிர்க்கவுமில்லை. வேட்பாளர் மீதுள்ள குற்றவழக்கு, சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை அறியும் உரிமை வாக்காளருக்கு உண்டென்று நீதிமன்றம் சென்றனர். 2002 மே 2ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதனை ஏற்றது. அத்தீர்ப்பின் பயனைக் குறைக்கச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஜெயப்பிரகாஷ் நாராயணன் 1976இல் தொடங்கிய மக்கள் சிவில் உரிமைக் கழகமும் வழக்காடியது. 2003 மார்ச் 13ஆம் நாள் அத்திருத்தம் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. இக்கழகத்தின் மற்றொரு வழக்கினால்தான், 2013இல், 'மேற்கண்ட எவருமில்லை' என்னும் பொத்தானும் இயந்திரத்தில் இடம்பெற்றது.

இன்று ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26 என்னும் உறுதிமொழிப் பத்திரத்தை வேட்புமனுவோடு இணைக்க வேண்டும். அது தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் கிடைக்கிறது. நம் இல்லங்களில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது எத்தனை பேரிடம் விசாரிக்கிறோம்! ஐந்தாண்டுக் காலத்துக்கு நம் ஊரை ஒப்படைக்கப் போகிறவரைப் பற்றிச் சில பக்கங்களைப் படிக்க நேரமில்லை என்பது முறையாகுமா?

பங்குகள் செய்த பெரும்பணி

பங்கு அமைப்பே இப்பணியில் இறங்கி வெற்றி கண்ட நாடு பிலிப்பைன்ஸ். 1983இல் அங்கே 'நாம்பிரல்' என்னும் சுதந்திரத் தேர்தலுக்கான குடிமக்கள் இயக்கம் தொடங்கியது. 1986 பிப்ரவரி 7ஆம் நாள் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் இலட்சக்கணக்கான தொண்டர்கள் வாக்குச்சாவடிகளைக் காத்தனர். அருட்சகோதரியர் பலர் வாக்குப்பெட்டிகளின் அருகில் நின்றனர். இயக்கத்தின் கணக்கும் அரசுத் தரப்புக் கணக்கும் முரண்பட்டன. எண்ணிக்கை மாற்றப்படுவதைக் கண்டு, கணிப்பொறிப் பணியாளர் முப்பதுக்கும் மேற்பட்டோர் வேலையை விட்டு வெளியேறிப் பாக்லாரன் கோவிலில் அடைக்கலம் புகுந்தனர். அம்மாதம் 25ஆம் நாள் மார்க்கோசின் ஆட்சி முடிவுற்றது.

அந்தப் பரபரப்பைவிட நாம் கவனிக்கத்தக்கது அதற்குப்பின் நடந்ததே. 1991இல் கர்தினால் சின் அவர்களின் ஆதரவோடு 'பொறுப்புள்ள வாக்களிப்புக்கான பங்குப் பேரவை' நிறுவப்பட்டது. பட்டியலைச் சரிபார்த்தல், வாக்காளருக்குக் கற்பித்தல், சாவடியில் உதவிமேசை நடத்துதல், எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்தல் ஆகிய அமைதியான வேலைகளைப் பங்குதோறும் பொதுநிலையினர் செய்யத் தொடங்கினர். எந்தக் கட்சிக்கும் உழைக்காதவர் என்பதே தொண்டருக்குரிய முதல் தகுதி.

நம் பகுதியில் செய்யத்தக்கவை

முதலாவது, பட்டியல். தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4ஆம் நாள் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19ஆம் நாள் வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 இலட்சம் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. இறந்தோர், இடம் மாறியோர், இருமுறை பதிந்தோர் என்பன காரணங்களாகக் கூறப்பட்டன. வேலை தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் நெசவாளரும் ஆலைத் தொழிலாளரும் இத்தகைய வேளைகளில் எளிதில் விடுபட்டுப்போகக் கூடியவர். புதிதாகச் சேர்வதற்குப் படிவம் 6; முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாளும் இப்போது பதினெட்டு வயதைக் கணக்கிடும் நாள்களாகும். ஐயமிருப்பின் 1950 என்னும் எண்ணை அழைக்கலாம்.

இரண்டாவது, எல்லையோரத்துக்குரிய எச்சரிக்கை. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் முதல் நாளில்தான் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்தது. இன்றும் கொள்வினை கொடுப்பினை நகரியிலும் புத்தூரிலும் தொடர்கிறது. ஆதலால் இரு மாநிலத்திலும் பெயர் இருப்பவர் உண்டு. 2024இல் நமக்கு ஏப்ரல் 19ஆம் நாளும் ஆந்திரத்துக்கு மே 13ஆம் நாளும் வாக்குப்பதிவு நடந்தது. இடைவெளி இருக்கிறதென்று இரண்டிடத்தில் வாக்களித்தால் இரண்டுமே செல்லாதவையாகும். ஓரிடத்தில் பெயரை நீக்கிக்கொள்ள உதவுவதும் தொண்டே.

மூன்றாவது, விடுமுறை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஒப்பந்தத் தொழிலாளரில் பலர் 'ஒருநாள் கூலி போய்விடுமே' என்று வாக்களிக்கத் தயங்குவதுண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135ஆ பிரிவு, வாக்குரிமையுள்ள தொழிலாளர்க்கு வாக்குப்பதிவு நாளில் ஊதியத்தோடு விடுமுறை அளிக்க வேண்டும் என்கிறது. அன்றாடக் கூலிக்கும் இது பொருந்தும். தொழிலுக்கு ஆபத்தோ பேரிழப்போ நேரக்கூடிய பணிகளில் இருப்போர்க்கு மட்டும் விலக்கு உண்டு. ஆலை வாயிலில் இச்செய்தியைத் துண்டறிக்கையாகக் கொடுக்கலாம்.

நான்காவது, முதியோரும் உடல் ஊனமுற்றோரும். 85 வயது கடந்தவரும் 40 விழுக்காடோ அதற்கு மேலோ ஊனமுடையவரும் படிவம் 12ஈ வழியாக வீட்டிலிருந்தே வாக்களிக்க 2024இல் வசதி செய்யப்பட்டது. தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாள்களுக்குள் விண்ணப்பம் சேர வேண்டும் என்பதால், வீடுகளைச் சந்திக்கும் அன்பர்கள் முன்கூட்டியே விசாரிப்பது நலம். பார்வையற்றவருக்குத் துணையாகச் சாவடிக்குள் செல்பவர் அன்று ஒருவருக்கு மட்டுமே துணையாகலாம். அது குடும்பத்தாராயிருப்பதே சிறப்பு. வேட்பாளர் அனுப்பும் வண்டியில் யாரையும் ஏற்றிச் செல்லுதல் கூடாது.

ஐந்தாவது, கோரிக்கை. விசைத்தறிக்கு இருமாதத்துக்கு 750 யூனிட்டாயிருந்த விலையில்லா மின்சாரம் 2023இல் 1,000 ஆகவும், கைத்தறிக்கு 200ஆயிருந்தது 300 ஆகவும் உயர்ந்தது. நெசவாளரின் வாழ்வை இத்தகைய முடிவுகளே உயர்த்துகின்றன, தாழ்த்துகின்றன. நூல் விலை, கூலி, குடிநீர், மருத்துவமனை ஆகியவற்றைப் பற்றி ஐந்து வினாக்களை எழுதி, எல்லா வேட்பாளருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். வந்த விடைகளை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் ஒரே தாளில் வெளியிடுங்கள். விடை அனுப்பாதவரின் பெயருக்கு எதிரே இடத்தை வெறுமையாக விடுங்கள். மதிப்பெண் போடாதீர்கள், அது வாக்காளரின் வேலை.

வாசகர் வினாக்கள் இரண்டு

வேட்பாளர் ஒருவர் நம் சிற்றாலயத்தின் கூரைக்கு நன்கொடை தருவதாகச் சொல்கிறார், வாங்கலாமா? தேர்தல் காலத்தில் வாங்கலாகாது. தனியாளுக்குக் கொடுக்கும் ஐந்நூறு ரூபாயைக் கண்டிக்கும் நாம், ஊருக்கே கொடுக்கும் ஐந்து இலட்சத்தைக் காணிக்கை என்று வரவேற்றால், ஏழை நம்மைப் பார்த்து நகைப்பான். தேர்தல் முடிந்து, வென்றாலும் தோற்றாலும், அவர் மனமுவந்து கொடுத்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பங்குச் சங்கத் தலைவரே வேட்பாளரானால்? அது அவருடைய உரிமை. ஆனால் மனுத் தாக்கல் செய்யுமுன் பொறுப்பிலிருந்து விலகி, சங்கத்தின் கணக்கையும் பதிவேட்டையும் ஒப்படைத்துவிட வேண்டும். உதவி பெறும் குடும்பங்களின் முகவரிப் பட்டியல் அவரோடு வெளியே போகலாகாது என்பதில் மற்றவர்கள் கண்ணுங்கருத்துமாக இருத்தல் வேண்டும்.

தேர்தல் முடிந்த மறுநாளும் அந்தக் கைம்பெண்ணுக்கு அரிசி போய்ச்சேர வேண்டும். அவள் யாருக்கு வாக்களித்தாள் என்பது கொடுப்பவருக்குத் தெரியாமலிருக்க வேண்டும். தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லாமலிருக்க வேண்டும். நம் பங்குச் சங்கங்கள் இவ்வளவு உறுதியாக நின்றால், எந்தக் கட்சி வென்றாலும் அவை ஏழையின் பக்கம் நிமிர்ந்து நின்று பேச முடியும்.